அட்டை கொண்டு வாங்கோ

அந்தப் பொலிஸ் மேசையில் என்னுடைய அடையாள அட்டையை நான் வெளியே எடுத்தது யாருக்காக? மதுராவின் அப்பாவுக்காகவா, எனக்கு வந்த கோபத்துக்காகவா? இன்றுவரை தெரியவில்லை. ஒரு நாள் ஒரு பதில் சரியாகப் படுகிறது. அடுத்த நாள் சட்டி கழுவிக்கொண்டிருக்கும்போது மற்றது சரியாகப் படுகிறது.

வெள்ளவத்தையில் எங்கள் பாலர் வகுப்புக்கு இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வயது போய் ஓய்வு எடுத்தவள் இல்லை. என் மகனைப் பார்த்துக்கொண்ட மச்சாள் வெளிநாட்டுக்குப் போய்விட்டா. அதனால் வேலையை விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனையில் வீட்டோடு நிற்கிறேன். உங்களுக்கு யாராவது இந்தக் கதையை ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். 'பிள்ளைகளோடு படம் செய்யப் போய் ஒரு தகப்பனைப் பொலிஸில் மாட்டிவிட்ட டீச்சர்' என்று சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுப் பயந்து நீங்கள் வர்ணத்தை அலுமாரியில் பூட்டி வைத்துவிடக் கூடாது. என் பயமெல்லாம் அதுதான்.

பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'இழுக்கிற படம்.' கோதுமை மாவைத் தடிப்பாகக் காய்ச்சி, ஒரு பங்கில் மஞ்சள் தூள், ஒரு பங்கில் வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலம், ஒரு பங்கில் பீட்ரூட் சாறு என்று கலப்போம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில், ஓரமாக இரண்டு மூன்று சொட்டு வைப்போம். பிறகு ஒரு கெட்டியான அட்டையின் விளிம்பால் ஒரே இழுவை. அவ்வளவுதான். தூரிகை பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அது வரும். மரம் மரமாகத் தெரிய வேண்டும், வீடு வீடாகத் தெரிய வேண்டும் என்ற கவலை இல்லை. எங்கள் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் வாடகை அறைகளில் இருப்பவர்கள். ஓடாதே, சத்தம் போடாதே, கீழ் வீட்டு ஆட்கள் ஏசுவார்கள், பஸ்ஸில் தமிழில் கதைக்காதே. நாள் முழுக்க இதைக் கேட்கும் பிள்ளைக்குத் தோளிலிருந்து கையை வீசி ஒரு இழுவை இழுக்க இடம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடியும்போது சொன்னேன். "திங்கட்கிழமை எல்லாரும் வீட்டிலயிருந்து ஒரு அட்டை கொண்டு வாங்கோ. நல்ல கெட்டியா இருக்க வேணும்."

என் மனதில் இருந்தது முடிந்துபோன டெலிபோன் அட்டைகள். காலி வீதியில் அவை குப்பை மாதிரிக் கிடக்கும். திங்கட்கிழமை பலதும் வந்து சேர்ந்தன. டெலிபோன் அட்டைகள், சவர்க்காரப் பெட்டியின் பக்கம், ஒரு கலியாணக் கார்ட், சீட்டுக்கட்டிலிருந்து ஒரு ஆட்டின் ராசா. 

"டீச்சர், அப்பாட்ட சொல்லாதீங்கோ, அவர் இதால சித்தப்பாவை வெல்லுறவர்" என்றான் ஆட்டின் ராசாவைக் கொண்டுவந்தவன்.

மதுராவுக்கு நான்கு வயது. அந்தக் குடும்பம் வடக்கிலிருந்து வந்து, ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் ஒன்றில் வாடகைக்கு இருந்தது. அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவள் தன் அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அந்த நேரம் மாப் பசையை நக்கிப் பார்த்த இன்னொரு பிள்ளையின் வாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இழுத்து முடித்திருந்தாள். நல்ல இழுவை. மஞ்சளும் நீலமும் சேர்ந்து ஓடி, நடுவில் பச்சையாகி, தாளின் மற்ற ஓரத்தில் பசை ஒரு குவியலாய் நின்றது.

"இஞ்ச பாருங்கோ டீச்சர், என்ட அட்டைதான் நல்லா இழுக்குது."

அவள் தூக்கிக் காட்டியதில் ஒரு ஆளின் முகம் இருந்தது.

நான் வாங்கிப் பார்த்தேன். அடையாள அட்டை. அவளுடைய அப்பாவுடையது. பிளாஸ்டிக் உறை ஒரு மூலையில் வெடித்திருந்தது. அந்த வழியாக மஞ்சள் உள்ளே போய், படத்தில் கன்னத்திலிருந்து நெற்றிவரை பிடித்துவிட்டது. கொழும்பில் இந்த யுத்த நாட்களில் ஒரு தமிழ் ஆள் செருப்பில்லாமல் வெளியே போகலாம், அந்த அட்டை இல்லாமல் போக முடியாது. அவர் காலையிலேயே வேலைக்குப் போயிருப்பார்.

என்ன செய்வது என்று யோசிக்கும் முன்பே மாடிப்படியில் மதுராவின் அம்மா ஓடி வரும் சத்தம் கேட்டது. மதுராவின் அப்பாவைச் செக்பொயின்டில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிஸுக்குக் கொண்டு போய்விட்டார்கள். கூட வந்த கடைப் பெடியன் கடைக்குச் சொல்லி, கடையிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது. அந்த அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, மகள் எங்காவது எடுத்து விளையாடினாளா என்று கேட்க வந்திருந்தா. என் கையில் இருப்பதைக் கண்டா.

"ஐயோ டீச்சர்! இதென்ன டீச்சர்!"

"டீச்சர்தானே அட்டை கொண்டு வரச் சொன்னவ" என்றாள் மதுரா. அவள் குரலில் இன்னும் பெருமைதான் இருந்தது.

"நான் சொன்னது வேற அட்டை..." என்று தொடங்கினேன்.

"வேற என்ன அட்டை டீச்சர்? எங்கட வீட்டில அட்டை எண்டால் ஒண்டுதான். ஒவ்வொரு நாளும் இவர் வெளிக்கிடேக்க வாசல்ல நிண்டு நான் கேக்கிறது, அட்டை எடுத்தாச்சோ, அட்டை எடுத்தாச்சோ எண்டு. இண்டைக்குத் தண்ணி வரேல்லை எண்டு குழாயடியில நிண்டுட்டன். இண்டைக்கு மட்டும் கேக்கேல்லை."

அந்த அம்மா அட்டையைப் பறித்துக்கொண்டு தண்ணீர்க் குழாயை நோக்கி ஓடினா. நான் பின்னால் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். "கழுவாதீங்கோ!" உறை வெடித்திருக்கிறது. தண்ணீர் உள்ளே போனால் எழுத்தும் கரைந்துவிடும். மஞ்சள் எப்படியும் போகாது.

இதற்குள் பெரிய மிஸ் வந்துவிட்டா. பாலர் வகுப்பு அவவுடையது. என்னை வேலைக்கு எடுத்ததும், எனக்குப் பிள்ளைகளோடு கதைக்கப் பழக்கியதும் அவதான். நிலைமையைக் கேட்டு ஒரு நிமிஷத்தில் முடிவு சொன்னா.

"பிள்ளை, இந்த அட்டையைக் கொண்டு போகக் கூடாது. படத்தை மாத்தினது எண்டு சொல்லுவாங்கள். துலைஞ்சு போச்சு எண்டு பொலிஸில ஒரு முறைப்பாட்டு என்ட்ரி போடுங்கோ. இதை எரிச்சிடுங்கோ. ஸ்கூல்ட பேர் வரவே கூடாது."

அது புத்தியான ஆலோசனை போலத்தான் இருந்தது. நானும் அரை மனதோடு தலையாட்டினேன். பிறகு ஒன்று உறைத்தது. அவர் அங்கே உள்ளே இருக்கிறார். அட்டை எங்கே என்று கேட்டிருப்பார்கள். அவர் ஏதோ ஒன்று சொல்லியிருப்பார்.

"உங்கட அவர் என்ன சொல்லியிருப்பார்?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"வீட்டில இருக்குது எண்டுதான் சொல்லுவார். அவருக்குப் பொய் வராது. வந்தாலும் முகத்தில தெரியும்."

அப்படியானால் நாங்கள் போய்த் தொலைந்துவிட்டது என்றால், அவர் பொய்யர் ஆகிறார். உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அவசரத்தில் வெளியே நிற்பவர்கள் தங்களுக்கு வசதியான கதையைத் தேடுவார்கள். உள்ளே நிற்பவர் என்ன சொல்லியிருப்பார் என்று முதலில் யோசியுங்கள். அவருடைய சொல்லோடு உங்கள் சொல் ஒட்ட வேண்டும்.

"மிஸ், உள்ளதை உள்ளபடி கொண்டு போறன்" என்றேன். "படத்தையும் கொண்டு போறன்."

"உமக்கு வீட்டில கைக்குழந்தை இருக்கு."

"ஓம் மிஸ்."

"போனால் உம்மட பொறுப்பில போம். நான் அனுப்பினதா இருக்கக் கூடாது."

அவவை நான் குறை சொல்லவில்லை. முப்பது நாற்பது பிள்ளைகளின் பொறுப்பு அவவுடையது. ஆனால் அந்த வசனம் எனக்குள் ஏதோ ஒன்றைக் கிளப்பிவிட்டது. மதுராவின் அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும், நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். ஈரம் காயாத படத்தை ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு, அந்த அம்மாவோடு த்ரீவீலில் ஏறினேன். மதுரா ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு சார்ஜன்ட். கெட்ட ஆள் போலத் தெரியவில்லை, களைத்த ஆள். அட்டையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது.

"முகத்தை மறைச்சிருக்கு. உறையும் திறந்திருக்கு. இது செய்த வேலை."

"பிள்ளை செய்த வேலை, மாத்தயா. நாலு வயது. நான்தான் டீச்சர். இதுதான் அந்தப் படம்."

அவர் தட்டைத் தன் பக்கம் திருப்பினார். நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"படமா? மரத்தைக் காணேல்லை. வீட்டைக் காணேல்லை. பூ எங்க? என்ட மகளும் நேர்சரிக்குப் போறவள். அவள் கீறினா மயில் எண்டு தெரியும்."

"இது அப்படிப்பட்ட படம் இல்லை, மாத்தயா."

"அப்ப எப்படிப்பட்டது?" அவர் விரல் நீலக் கோட்டின் மேல் போனது. "இது என்ன? இது கடற்கரையா? இது ரெயில் பாதையா? இந்தக் குறுக்குக் கோடு? இது மெப்பா?"

மதுராவின் அம்மாவுக்கு 'மெப்', அதாவது வரைபடம், என்ற அந்த ஒரு சொல் மட்டும் விளங்கியது. என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டா. மதுராவின் அப்பாவைக் காப்பாற்ற நான் கொண்டு வந்த படம், அவருக்கு எதிராக மேசையில் கிடந்தது. என் மகன் ஞாபகத்துக்கு வந்தான். மத்தியானப் பால் நேரம். மச்சாள் போத்தல் கொடுத்திருப்பாவா? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று அழுதால் விடுவாரா? அழுவது எனக்குச் சுலபம். பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியைகளுக்கும் பிடித்த பிள்ளை நான். பெரியவர்கள் முன்னால் தலை குனிய எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை.

அப்போது சார்ஜன்ட் சொன்னார்: "எந்தப் பைத்தியக்காரி பிள்ளைகளுக்கு அடையாள அட்டையைக் கொடுத்து விளையாட விடுவாள்?"

என் கைப்பை திறந்தது. என் அடையாள அட்டையை எடுத்தேன். மதுராவின் தாளின் ஓரத்தில் அந்தப் பசைக் குவியல் இன்னும் ஈரமாக இருந்தது. என் முகம் இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்து, விளிம்பைக் குவியலில் பதித்து, வெறுமையாக இருந்த இடத்தில் ஒரே இழுவையாக இழுத்தேன். மஞ்சளும் நீலமும் பச்சையும் சர்ரென்று ஓடி, தாள் முடிந்து, தட்டு முடிந்து, மேசையிலும் கொஞ்சம் போனது.

"இப்படித்தான், மாத்தயா. ரோட்டும் இல்லை, ரெயிலும் இல்லை. அட்டையை இழுத்தால் இப்படித்தான் வரும். உங்கட அட்டையால் இழுத்தாலும் இப்படித்தான் வரும்."

பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். என் அட்டையை நிமிர்த்தி சார்ஜன்டின் முன்னால் பிடித்தேன். அதன் பழைய உறையும் ஓரத்தில் பிரிந்திருந்தது, என் முகத்திலும் மஞ்சள். இப்போது அந்த அறையில் பழுதான அட்டைகள் இரண்டு.

சார்ஜன்ட் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சர் நோனா," என்றார், "பிஸ்ஸுத?" உனக்குப் பைத்தியமா என்று.

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. அட்டை எங்கே இருக்கும் என்று மறுபடி கேட்பது கேட்டது. மதுராவின் அப்பாவுடைய உடைந்த சிங்களமும் கேட்டது. வீட்டில் இருக்கிறது, மாத்தயா. பிள்ளை எடுத்திருக்கலாம். டீச்சர் அட்டை கேட்டா, டீச்சர் அட்டை கேட்டா என்று இரண்டு நாளாகச் சொன்னாள். நான் காது கொடுக்கவில்லை.

பின்னேரம் அவரை விட்டார்கள். மனமில்லாமல் விட்டார்கள், ஏசி விட்டார்கள், இரண்டு பேரும் உடனே புது அட்டைக்கு எழுத வேண்டும் என்று சொல்லி விட்டார்கள். ஆனாலும் விட்டார்கள்.

அவர் எனக்கு நன்றி சொல்லுவார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், நானும் எதிர்பார்த்தேன். காலி வீதியில் இறங்கியதும் அவர் நின்றார்.

"டீச்சர், உங்கட அட்டையில பிறந்த இடம் கொழும்பு. நீங்கள் விளையாடலாம். என்டதில அப்பிடி இல்லை. புதுசு வரும்வரைக்கும் ஒவ்வொரு செக்பொயின்டிலயும் இந்த மஞ்சள் மூஞ்சியைக் காட்டி மாப் பசைக் கதை சொல்லப் போறது நான்."

"சும்மா வாங்கோ, அவ இல்லாட்டி இண்டைக்கு நீங்கள் வெளியில இல்லை" என்றா மனைவி.

"அவ இல்லாட்டி நான் உள்ளுக்குப் போயிருக்கவும் மாட்டன்."

இரண்டும் உண்மை. நான் இரண்டையும் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறினேன். வழியில் என்னையும் இறக்கிக் கேட்டார்கள். நானும் மாப் பசைக் கதை சொன்னேன். சிரித்துக்கொண்டு விட்டார்கள். மதுராவின் அப்பா சொன்னது அப்போதுதான் சரியாக விளங்கியது. வீட்டில் என் கணவர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான். "பிள்ளையை யோசிச்சீரா?" யோசித்தேன் என்றேன். யோசித்துக்கொண்டேதான் செய்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டா. பெற்றோர் எல்லாரையும் கூப்பிட்டு, அட்டை கேட்டது டீச்சரின் பிழை, இனி அப்படி நடக்காது என்று நான் எழுந்து நின்று சொல்ல வேண்டும். வர்ணம் அலுமாரிக்குள் போக வேண்டும். கிரெயோன் போதும்.

"நான் சொல்ல மாட்டன் மிஸ்."

"பிள்ளை, ஒரு சொல்லுதானே. சொல்லிட்டால் முடிஞ்சுது."

"ஒரு சொல்லுதான் மிஸ். அட்டை. அதையும் செக்பொயின்டில நிக்கிறவங்களிட்ட குடுத்திட்டால், நாளைக்குக் குண்டுப் பயத்தில பை எண்டு சொல்ல ஏலாது, பெட்டி எண்டு சொல்ல ஏலாது. பிறகு பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லைப் படிப்பிக்கிறது?"

அவ என்னை வேலையால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பெருமூச்சு விட்டு, "அட்டையை நீரே கொண்டு வாரும். பிள்ளைகளிட்ட கேக்க வேண்டாம்" என்றா. அதை ஏற்றுக்கொண்டேன். நியாயம் அது. போன் கடை வாசல்களில் குனிந்து குனிந்து பழைய டெலிபோன் அட்டைகள் பொறுக்கினேன். ஒவ்வொரு கிழமையும் வகுப்பில் நின்று, "எல்லாரும் அட்டையை எடுங்கோ" என்று வேண்டுமென்றே பலமாகச் சொன்னேன். அட்டை, அட்டை, அட்டை. பிள்ளைகளும் கத்துவார்கள். அந்தச் சொல்லை நாங்கள் திரும்பப் பிடித்துக்கொண்டோம் என்று நினைத்தேன்.

மதுரா கத்தவில்லை. அவள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தாள். நான் ஒரு டெலிபோன் அட்டையை அவள் முன்னால் வைத்தேன். தொடவில்லை.

"டீச்சர், இது ஆற்றை?"

"ஒருத்தற்றையும் இல்லை, ராசாத்தி. ரோட்டில கிடந்தது."

"இதை எடுத்தா ஆரையும் பிடிப்பினமோ?"

பிடிக்க மாட்டார்கள் என்றேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் எடுத்து இழுத்தாள். ஆனால் அடுத்த நாள் கிரெயோனுக்கும் கேட்டாள். வாசலில் விழுந்திருந்த வேப்பம் இலைக்கும் கேட்டாள். சவர்க்காரத் துண்டுக்கும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொன்னேன். இல்லை என்பது அந்த ஒரு பொருளுக்கு மட்டும்தான் செல்லும். அப்பாவைப் பிடித்தது உன்னால் இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஆரால?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எனக்குத் தெரியும். நான்கு வயதுப் பிள்ளைக்கு, மெல்லிய சுவருள்ள வகுப்பறையில், அதை எப்படிச் சொல்வது?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடைக் கோயிலுக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள், அம்மாவும் அவளும். அப்பாவுக்குப் புது அட்டை வந்துவிட்டதாம். எனக்கும் வந்துவிட்டது. நல்ல செய்திதான், தேத்தண்ணீர் போட்டேன். என் மகன் இப்போது நடக்கிறான். கடித்துப் பாதியான ஒரு பிஸ்கட்டைக் கொண்டு போய் அவளிடம் நீட்டினான். அவளுக்கு ஆசை, முகத்தில் தெரிந்தது. கைகள் பின்னால் போயின. அவள் அவனைக் கேட்கவில்லை, தன் அம்மாவையும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"டீச்சர், இதை வாங்கினா ஆரையும் பிடிப்பினமோ?"

சார்ஜன்டுக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. பெரிய மிஸ்ஸுக்கு முடிந்தது. மறுபடி அந்த மேசை முன்னால் நிற்க வேண்டி வந்தாலும் நிற்பேன் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பிள்ளைக்கு முன்னால்தான் எனக்குக் கெட்டித்தனம் எதுவும் வரவில்லை.

அவள் இப்போது உங்கள் வகுப்பில் இருக்கிறாள். ஜன்னல் பக்கம், இரட்டைப் பின்னல். வர்ணத்தைப் பூட்டாதீர்கள், அவளுக்கு முன்னாலும் வையுங்கள். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். கேட்காமல் ஒரு பொருளை எடுக்க அந்தப் பிள்ளையை எப்படிப் பழக்கினீர்கள்? அவள் உங்களைக் கேட்கும்போது என்ன சொன்னால் சரி? எனக்கு எழுதுங்கள். அடுத்த செவ்வாய்க்கும் அவர்கள் வருகிறார்கள்.